அபியின் அணையாடையும் மூன்று பேர் கொண்ட குழுவும்

உலகில் எந்தக் குழந்தையும் ஆடையோடு பிறப்பதில்லை. இது இயற்கையின் நிர்வாகத்தில் உள்ள ஒரு குறைபாடு. அதைச் சரிசெய்யும் பொறுப்பு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்த அறிவுச்செல்வன் அந்தப் பொறுப்பை மிகுந்த கவலையோடு ஏற்றுக்கொண்டான்.

கவலை அவனுக்குப் புதிதல்ல. அவன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரிக்கு எதையும் சும்மா வாங்கத் தெரியாது, படித்துவிட்டுத்தான் வாங்குவான். பிரஷர் குக்கர் வாங்கியபோது கூடவந்த விளக்கப் புத்தகத்தைத் தனக்குத் தெரியாத இந்திப் பக்கங்கள் உட்பட முழுவதும் புரட்டியவன் அவன். மகள் அபி பிறந்ததும் டயப்பரைப் பற்றிப் படித்தான். கடையில் விற்கிற டயப்பர் மண்ணில் மக்கப் பல நூறு வருடம் ஆகும் என்று செல்போனில் ஒரு கட்டுரை சொன்னது. வெலவெலத்துப்போனான்.

"அபி ஒரு தடவை ஒண்ணுக்குப் போனா, அது நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் மண்ணுல இருக்கும், கண்ணகி."

"இருந்துட்டுப் போவட்டுமே. வாரிசுக்குன்னு விட்டுட்டுப் போவ நம்மகிட்ட வேற இன்னாங்க இருக்குது?" என்றாள் அவன் மனைவி.

கண்ணகி திருவதிகைக்காரி. அவளிடம் எளிமையான திட்டம் ஒன்று இருந்தது. பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டிவிட வேண்டியது. அறிவுச்செல்வன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனே பழைய லுங்கித் துணியில் வளர்ந்தவன். அரும்பாடுபட்டுப் பொறியியல் படித்ததே தன் பிள்ளையை அந்த லுங்கியிலிருந்து மீட்கத்தான் என்று அவனுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே பருத்தி, கம்பளி, சணல் ஆகியவற்றின் நிறைகுறைகளை ஆராய்ந்து, இறுதியில் மூங்கிலைத் தேர்ந்தெடுத்தான். மூங்கில் இழையில் நெய்தது, துவைத்துத் துவைத்துக் கட்டலாம், மேலே யானைப் படம். பெட்டியின் மீது 'பூமித்தாய்க்கு உங்கள் மழலையின் முத்தம்' என்று எழுதியிருந்தது. முத்தம் கொடுக்க அந்த உறுப்புதானா கிடைத்தது என்று கண்ணகி கேட்டாள். அவன் பெட்டிக்குள் இருந்த துவைக்கும் முறையைப் படிக்கத் தொடங்கியிருந்தான்.

வடக்குத்து கிராமத்திலிருந்து அவன் அப்பா தனகோட்டி போனில் கேட்டார்: "மூங்கிலா? கொயந்தைக்குக் குத்தாதா தம்பி?"

"துணிதாம்பா."

"அப்ப துணின்னு சொல்லு. எதுக்கு மூங்கில்னு சொல்லிப் பயமுறுத்திக்கினு இருக்க? சரி, பர்மனென்ட் ஆயிடுச்சா?"

எந்தப் பேச்சும் அவருக்கு அங்கேதான் வந்து முடியும். மைன்ஸில் வாழ்நாள் முழுக்கக் கான்ட்ராக்ட் ஆளாகவே மண் வெட்டியவர் அவர். பர்மனென்ட் என்கிற சொல்லைத் தூரத்தில் நின்று பார்த்தே ஓய்ந்தவர். மகன் இப்போது ஓர் அலுவலகத்தின் பசுமைப் பிரிவில் புரபேஷனில் இருந்தான். நிலக்கரி எரிகிற ஊரில் பசுமையைப் பேணுவது அப்பிரிவின் பணி. அவனைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல், பிரிவின் மேலாளர் சங்கரலிங்கத்தின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

இந்த நிலையில்தான் சுற்றுச்சூழல் வாரம் வந்தது. சங்கரலிங்கம் எல்லோரையும் கூட்டி, வீட்டில் சுற்றுச்சூழலுக்காக யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"தேவையில்லாத லைட்டை அணைச்சிடுவேன் சார்," என்றார் ஒருவர்.

"எல்லாரும் அணைச்சிட்டா நம்ம ஊர் கரண்டை யாருய்யா வாங்குவா? அடுத்து?"

அடுத்தது அறிவுச்செல்வன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "குழந்தைக்கு மூங்கில் டயப்பர் வாங்கியிருக்கேன் சார்."

சங்கரலிங்கம் எழுந்து நின்றார். "மூங்கில்! ஆகா, நம்ம நாட்டு மரம்!"

"புல் வகை சார்."

"அது இன்னும் பசுமை!"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'மறுபயன்பாட்டு மூங்கில் இழைக் குழந்தை அணையாடை முன்னோட்டத் திட்டம்' தொடங்கப்படுவதாகவும், அணையாடையின் உறிஞ்சுதிறனை நேரில் கண்டறிய மூன்று பேர் கொண்ட குழு அறிவுச்செல்வனின் குவார்ட்டர்ஸுக்கு வருகை தரும் என்றும் அதில் கண்டிருந்தது. தலைவர் சங்கரலிங்கம். உறுப்பினர்கள், பாதுகாப்புப் பிரிவு ராஜாங்கம், நிதிப் பிரிவு அம்சவல்லி.

"இது நல்லபடியா முடிஞ்சா உன் ஃபைலை அன்னிக்கே முடிச்சுடறேன்," என்றார் சங்கரலிங்கம். "முடியலன்னா புரபேஷனை நீட்டிக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லப்பா."

ஆக, ஒரு மனிதனின் எதிர்காலம் அவன் மகளுடைய சிறுநீரில் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை குழு வந்தது. ராஜாங்கம் தலையில் ஹெல்மெட் இருந்தது. சைட்டுக்கு எங்கே போனாலும் போட வேண்டும் என்பது விதி. குழந்தைக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார், அளவு சேரவில்லை. கூடத்தில் விரித்த பாயில் யானைப் படம் போட்ட அணையாடையோடு அபி படுத்திருந்தாள். மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"யானைப் படத்துக்குத் தனியா செலவா?" என்றார் அம்சவல்லி.

"இல்லிங்க மேடம், துணியோட வந்தது."

"சரி, ஆரம்பிக்கலாம்," என்றார் சங்கரலிங்கம்.

எல்லோரும் அபியைப் பார்த்தார்கள். அபி எல்லோரையும் பார்த்தாள். ஒன்றும் ஆரம்பமாகவில்லை.

"பால் குடிச்சதும் இப்பதாங்க போனா," என்றாள் கண்ணகி.

"குழு வருவது குழந்தைக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படலையா?" என்று தலைவர் அறிவுச்செல்வனைக் கேட்டார்.

"நாலு மாசம்தான் சார் ஆகுது."

"அது காரணம் ஆகாது."

பொறுத்துப் பார்த்த அம்சவல்லி, இரண்டு பிள்ளை பெற்ற அனுபவத்தில் குனிந்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார். அபி அதை ஆர்வமாகக் கேட்டாள். உறுப்பினர் ஒருவர் தனியாக ஒலி எழுப்புவது முறையல்ல என்பதால் தலைவரும் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார். ராஜாங்கம் பாய்லர் பக்கம் வெகுகாலம் வேலை பார்த்தவர். அவர் போட்ட சத்தம் நீராவிக் குழாய் விட்டுவிட்டது போலவே இருந்தது. பர்மனென்ட் ஆக வேண்டியவன் சும்மா இருக்க முடியுமா? அறிவுச்செல்வன் எல்லோரையும்விட நீளமாகப் போட்டான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கேஸ் கசிகிறதோ என்று வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அபி கையைக் காலை உதைத்துச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கச்சேரி அவளுக்கு வாய்த்ததில்லை.

முதலில் நெளிந்தவர் ராஜாங்கம். "தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவர் எழுந்ததும் அம்சவல்லியும் எழுந்தார். அவரைப் பார்த்துத் தலைவரும் எழுந்தார். குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரே கழிவறை. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்ட ராஜாங்கம் பின்னால் தலைவர் நிற்பதை உணர்ந்து, உயிரைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். தலைவருக்கு அடுத்தது தானா அம்சவல்லியா என்று பணிமூப்பு பார்ப்பதில் சற்று விவாதம் நடந்தது. அம்சவல்லி ஒரு வருடம் சீனியர். ராஜாங்கம் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கடைசியில் அறிவுச்செல்வன் நின்றான். அவனுக்கும் முட்டிக்கொண்டுதான் வந்தது, ஆனால் அவன் புரபேஷன்.

"பாத்தியாடி," என்று கண்ணகி மகளிடம் சொன்னாள், "இந்த வூட்லயே உனக்கு ஒருத்திக்குத்தான் அடக்கம் தெரியுது."

குழு மீண்டும் கூடியது. சங்கரலிங்கம் அணையாடையை உள்ளும் புறமும் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பொட்டு ஈரமில்லை! இவ்வளவு நேரம் ஆகியும்!"

"சார், அவ இன்னும் போகவே இல்லை."

"அறிவு, நாம ஆய்வு செய்ய வந்தது அணையாடையை. குழந்தையை இல்லை. அது நம்ம வரம்புல வராது."

அங்கேயே அறிக்கை எழுதப்பட்டது. 'ஆய்வு தொடங்கிய நேரம் முதல் நிறைவுற்ற நேரம் வரை மேற்படி அணையாடை முற்றிலும் உலர்ந்த நிலையிலேயே இருந்தது.' பயனாளி என்ற இடத்தில் அறிவுச்செல்வன் கையெழுத்திட வேண்டும். அவன் அந்த வாக்கியத்தில் பொய்யைத் தேடினான். திரும்பத் திரும்பப் படித்தும் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லை. அதுதான் அவன் கெட்ட காலம். பொய் மட்டும் இருந்திருந்தால் நிச்சயம் மறுத்திருப்பான்.

கையெழுத்துப் போட்டான். அதே பேனாவை வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த அவன் ஃபைலில் சங்கரலிங்கமும் போட்டார்.

குழுவின் ஜீப் தெருமுனை திரும்பும்போது அபி போனாள். நிறையப் போனாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மூங்கில் துணி அத்தனையையும் ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. அதைப் பதிவு செய்யத்தான் யாரும் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டான். "பர்மனென்ட் ஆயிடுச்சுப்பா." "இன்னொரு வாட்டி சொல்லுப்பா. ஸ்பீக்கர்ல போடறேன். கூட வேலை செஞ்சவங்க பக்கத்துல குந்திக்கினு இருக்காங்க," என்றார் தனகோட்டி. இன்னொரு முறை சொன்னான். யாரோ விசில் அடிப்பது கேட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் துணி எவ்வளவு நன்றாக உறிஞ்சியதோ, உறிஞ்சியதை விட்டுக்கொடுக்க அவ்வளவு மறுத்தது. இரண்டு நாள் தொங்கியும் பிழிந்தால் சொட்டியது. கண்ணகி இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், ஃபேனுக்கு அடியில் விரித்துப் பார்த்தாள். பூமியைக் காப்பாற்ற இன்னும் எத்தனை வண்டி நிலக்கரி எரிக்கணும் என்று கேட்டுவிட்டு, புருஷனின் நல்ல லுங்கி ஒன்றை எடுத்துக் கிழித்தாள். அவன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

அதே வாரம் அடுத்த சுற்றறிக்கை வந்தது. முன்னோட்டம் மாபெரும் வெற்றி பெற்றதால், கைக்குழந்தை உள்ள பணியாளர் அனைவரும் மூங்கில் அணையாடையே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்துவதற்கு அடையாளமாகத் துவைத்த அணையாடை வாசல் கொடியில் தொங்க வேண்டும். பதவி உயர்வின்போது இது கணக்கில் கொள்ளப்படும். வீடு வீடாகச் சென்று பார்வையிடும் அலுவலர்: திரு. அறிவுச்செல்வன்.

முதல் ஆய்வு நாளில் மழை விட்டிருந்தது. எட்டி நடந்தான். எல்லா வாசலிலும் யானைகள் வெள்ளை வெளேரென்று வரிசையாகத் தொங்கின. பெட்டி பிரித்த மடிப்புகூடக் கலையவில்லை. ஒரு வீட்டில் அவன் வருவதைப் பார்த்ததும் ஒரு பெண் அவசரமாகக் குழாயடியில் நனைத்துக் கொடியில் போட்டாள். உள்ளே குழந்தையின் இடுப்பில் கடை டயப்பர். "நல்லா உறிஞ்சுது சார்," என்றாள். டிக் போட்டான். தன் வீட்டு வாசலுக்கு வந்தான். கண்ணகி வாளியோடு நின்றிருந்தாள். "எழுதிக்கிங்க," என்றாள். டிக் போட்டான். பேச்சிலர் குவார்ட்டர்ஸில் இரண்டு தொங்கியது. "கல்யாணம் ஆனதும் உதவும்ல சார்," என்று அங்கிருந்த பையன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் பதவி உயர்வு வேண்டுமே. டிக் போட்டான்.

கடைசியாகச் சங்கரலிங்கத்தின் வீடு. பிள்ளைகள் இருவரும் சென்னையில் கல்லூரிப் படிப்பு. கொடியில் அரை டஜன் தொங்கியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நின்றிருந்தார்.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து இதைப் பார்க்க வர்றாங்களாம் அறிவு," என்றார் மெல்லிய குரலில். "எப்படி, சரியா இருக்கா?"

அறிவுச்செல்வன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தான். அவன் எப்போதுமே நேர்மையாகக் கருத்துச் சொல்கிறவன்.

"ரொம்பப் புழிஞ்சிட்டீங்க சார். இன்னும் கொஞ்சம் சொட்டணும். அப்பதான் உண்மையா இருக்கும்."