டொக்டர் கிமாரோ இப்போதுதான் கீழே போனார்

டொக்டர் கிமாரோவை வேணுகா வரவேற்றுப் பத்து வாரங்கள் ஆகிவிட்டன. வரவேற்றதற்குப் பத்திரம் இருந்தது. பத்திரத்தின் அடியில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது. அவசர வழி எது, தீயணைப்புக் கருவி எங்கே, குப்பையை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் நேரில் கூட்டிச் சென்று காட்டியதாகப் பதினான்கு கட்டங்களில் அடையாளமும் போட்டிருந்தாள். ஆளைத்தான் அவள் இன்னும் கண்ணால் காணவில்லை.

சோலோதுர்ன் நகரில் ஆரே ஆற்றங்கரையில் இருந்தது அந்தப் பழைய மாளிகை. ஆபிரிக்க நாடுகளில் கலாநிதிப் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் அங்கே வந்து, ஒரு வருடம் இருந்து, மேற்கொண்டு ஆய்வு செய்வார்கள்; தங்குவது ஊருக்குள் வேறு வீடுகளில். கணிதம், இரத்தம் குடிக்கும் நுளம்பு, இறையியல் என்று ஆளுக்கொரு துறை. தான்சானியாவிலிருந்து வந்த கிமாரோவின் துறை பொது நிர்வாகம். இவர்களுடைய சாவி, காப்புறுதி, வதிவிட அனுமதி எல்லாம் வேணுகாவின் தலையில். அவள் பக்கத்து நகரமான ஓல்டனில் பிறந்து வளர்ந்தவள். இது அவளுடைய முதல் ஒழுங்கான வேலை. மூன்று மாத புரோபெட்சைட்டில், அதாவது பரீட்சார்த்த காலத்தில், நல்ல பெயர் எடுத்தால் டிசம்பரிலிருந்து வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் சுப்பர்மார்க்கெட் காசாளர் கதிரைதான்.

பிழை முதல் நாளே நடந்துவிட்டது. அவளுக்கும் அன்றுதான் முதல் நாள். காலையில் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கி, அவள் பல் வைத்தியரிடம் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது கிமாரோ வந்து, மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போயிருந்தார். பத்திரம் அவளுடைய கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மரத்துப்போன வாயைக் கோணிக்கொண்டு ஒரு பெரிய படிப்பாளியின் முன்னால் போய் நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதினான்கு கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் மேலே போனாள். அறை திறந்திருந்தது. மேசையில் கோப்பை, கோப்பையில் கராம்பு போட்ட தேநீர், அதில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை.

"டொக்டர் கிமாரோ இப்போதுதான் கீழே போனார்," என்றார் பக்கத்து அறை டொக்டர் செலாமாவிட். முடிச்சுகளின் கணிதத்தை ஆராயும் எத்தியோப்பியப் பெண் அவர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

அடுத்த நாளும் அதே ஆவி, அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

இரண்டு வாரம் கழிந்த பிறகு விஷயம் கைமீறிவிட்டது. "ஐயா, நாங்கள் ஒரு தடவை சந்திப்போமா?" என்று எழுத்தில் கேட்க முடியாது. கேட்டால், அவசர வழியை யாருக்குக் காட்டினாய் என்ற கேள்வி வரும். ஆகவே தற்செயலாகக் கண்டதுபோல ஒரு தடவை கண்டுவிட வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். அதற்கு நல்ல நேரம் காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை. அவளுடைய கதவில் 'அலுவலக நேரம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த நேரம் அதுதான். எல்லோரும் மின்னஞ்சலில் கேட்கிற காலத்தில் அந்த நேரத்துக்கு ஒருவரும் வரப்போவதில்லை.

வாரத்தில் என்றைக்கு எட்டிப் பார்ப்பார் என்று தெரியாத பணிப்பாளருக்காக, மேலே போகும்போது தன் குளிர்அங்கியைக் கதிரையில் மாட்டிவிட்டுப் போனாள். பார்ப்பவர்கள், ஆள் பக்கத்தில்தான் எங்கேயோ நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செப்டெம்பர் முடிவில் வதிவிட அனுமதிக்காக, 'இம்மாதம் ஆய்வாளரை நேரில் சந்தித்தேன்' என்று ஒரு படிவம் வந்தது. கையெழுத்து வைத்தாள். ஒக்டோபரிலும் வந்தது. அதற்கும் வைத்தாள்.

பிறகு பொறுக்கமாட்டாமல் பட்டும் படாமலும் ஒரு மின்னஞ்சல் போட்டாள். "எல்லாம் வசதியாக இருக்கிறதா? நீங்கள் அறையில்தானே இருக்கிறீர்கள்?"

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "நான் இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் இருக்கிறீர்களா?"

வேணுகாவுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. யன்னலுக்கு வெளியே நவம்பர் மூடுபனி. ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை. நட்டநடுப் பகலில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

அன்றே, வேடிக்கையாகக் கேட்பதுபோல, சமையலறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மூன்று ஆய்வாளர்களிடமும் கேட்டுப் பார்த்தாள்.

"டொக்டர் கிமாரோவை யாராவது எனக்கு வர்ணித்துச் சொல்லுங்களேன், ஒரு விளையாட்டுக்கு."

"என்னைவிட உயரம், ஜலோவைவிட உயரமில்லை," என்றார் செலாமாவிட். "அதற்கு மேல் என்னிடம் தரவு இல்லை."

"நுளம்புக்கு மிகவும் பிடித்த ஆள்," என்றார் நுளம்பு ஆய்வாளர் டொக்டர் ஜலோ. "அவர் கையை நீட்டினால் என்னுடைய பெட்டியில் இருக்கிறதெல்லாம் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்."

மலாவியிலிருந்து வந்த இறையியலாளர் டொக்டர் பண்டா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "அவர் இருக்கிறார் என்று முதலில் நீங்கள் நம்புகிறீர்களா, வேணுகா?"

மூன்று படிப்பாளிகள் சேர்ந்தும் ஒரு முகம் வரவில்லை. அப்போதுதான் முதன்முறையாக அந்த எண்ணம் தோன்றியது: இப்படி ஒரு ஆளே இல்லையோ?

கதவுப் பதிவை எடுத்துப் பார்த்தாள். கிமாரோவின் மின்சாவி தினமும் எட்டு ஐம்பதுக்கு வாசலைத் திறந்திருந்தது. அதே தாளில் அவளுடைய மின்சாவி மூன்றாம் மாடியில் தினமும் சுற்றித் திரிந்ததும் பதிவாகியிருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது? அன்றோடு மின்சாவியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பழைய இரும்புச் சாவியால் பின்கதவைத் திறந்து வரத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுடைய அறையிலேயே ஏதோ நடக்கத் தொடங்கியது. மேலே போய்த் திரும்பி வந்தால் கதிரை ஒரு சாண் விலகியிருக்கும். பேனை நேராகக் கிடக்கும். அவள் ஒருநாளும் பேனையை நேராக வைத்தவளல்ல. அறைக்குள் மெல்லிய கராம்பு வாசம் நிற்கும்.

ஒருநாள் நேரத்துக்கே வந்து, துப்புரவு வேலை செய்யும் சச்சிதானந்தன் அண்ணையைப் பிடித்தாள். ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடுகிறவர் அவர்.

"அண்ணை, மூண்டாம் மாடி கடைசி அறை ஆளைக் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. கோப்பையைத்தான் காணுறன். குடிக்கிறது ஆரோ, கழுவுறது நான்."

"அப்பிடி ஒரு ஆள் இருக்கிறாரோ எண்டே எனக்கு இப்ப டவுட்டாக் கிடக்கு."

அண்ணை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "மாவைத் தூவிப் பாருங்கோ. ஆளெண்டா காலடி விழும். விழேல்லையெண்டா என்னட்டைச் சொல்லாதேங்கோ, நான் நாளைக்கும் இஞ்சை வேலைக்கு வரவேணும்."

அன்றே ஒன்பது மணிக்கு, கிமாரோ குளிப்பறைப் பக்கம் போயிருந்த சமயமோ என்னவோ அறை வெறுமையாய்க் கிடந்தபோது, சமையலறைக் கோதுமை மாவை வாசலில் தூவினாள். சமையலறையிலேயே ஒளிந்திருந்து, ஒன்பதே முக்காலுக்குப் போய்ப் பார்த்தாள். அடி விழுந்திருந்தது. பெரிய சப்பாத்து. வாசலைத் தாண்டி, அவள் ஒருநாளும் பாவிக்காத ஒடுங்கிய பின்படிக்கட்டில் இறங்கி, முதலாம் மாடி நடையைக் கடந்து, வெள்ளை வெள்ளையாக அந்த அடிகள் போய்க்கொண்டேயிருந்தன. வேணுகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவை அவளுடைய அறைக்குள் நுழைந்து, அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றிருந்தன. அந்த இடத்தில் மா நன்றாக உதிர்ந்திருந்தது. யாரோ கனநேரம் நின்று அவளுடைய கதிரையையே பார்த்திருக்கிறார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் பாதி, பொய் சொல்லிச் சொல்லிக் களைத்ததால் பாதி.

மறுநாள் காலை சச்சிதானந்தன் அண்ணை எஞ்சிய மாவைக் கூட்டிக்கொண்டே சொன்னார். "நாப்பத்தஞ்சாம் நம்பர் சப்பாத்து."

"பேய்க்குக் கால் இல்லையெண்டெல்லோ அம்மா சொல்லுறவ."

"அது ஊரிலை, பிள்ளை. இஞ்சத்தைக் குளிருக்கு ஆரெண்டாலும் சப்பாத்துப் போடத்தான் வேணும்."

அன்றிலிருந்து ஒன்பதரைக்கு மேலே போகும்போது தன் அறையைப் பூட்டிவிட்டுப் போனாள். இரண்டு தடவை, அவள் திரும்பி வரும் நேரத்தில், பூட்டின் கைபிடி இன்னும் சூடாக இருந்தது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. மாளிகையை நடத்தும் அறக்கட்டளையின் தலைமையகத்திலிருந்து, பணிப்பாளருக்கு. திறந்து பதிவது வேணுகாவின் வேலை. 'தங்கள் பட்டியலில் பெயர் இருந்தும் இடத்தில் காணப்படாத ஒரு நபர் குறித்து விசாரிக்க, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு எமது அதிகாரி வருவார்.'

எல்லாம் முடிந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. யாரோ ஒருவருடைய பெயரில் இந்த மூன்று படிப்பாளிகளும் சேர்ந்து சாவி சுற்றி, தேநீர் வைத்து, மின்னஞ்சலும் எழுதுகிறார்கள். அல்லது அதைவிடப் பயங்கரமான ஏதோ ஒன்று இந்த வீட்டில் நடமாடுகிறது. எதுவானாலும் கையெழுத்து அவளுடையது. இனி ஒளிக்க முடியாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆனால் இரவில் நித்திரையாவது வரும்.

வியாழக்கிழமை அவள் மேலே போகவில்லை. எட்டு வாரத்தில் முதல் தடவையாக ஒன்பதரைக்குத் தன் கதிரையில் இருந்தாள். மூடுபனி யன்னல் கண்ணாடி வரை வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. சாம்பல் நிற மேலங்கி அணிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தார்.

"லூத்தி. தலைமையகத்திலிருந்து."

"உட்காருங்கள், ஃப்ராவ் லூத்தி. நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்."

"அப்படியா?" அவர் உட்காரவில்லை. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

வேணுகா எழுந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். யாரையும் வரவேற்கவில்லை. அவசர வழியை யாருக்கும் காட்டவில்லை. நேரில் சந்தித்தேன் என்று எழுதிய அன்றெல்லாம் யாரையும் சந்திக்கவில்லை. கதிரையில் அங்கியை மாட்டிவிட்டு மறைந்துபோனது, மின்சாவியை ஒளித்தது, அறையைப் பூட்டியது என்று ஒன்றையும் விடவில்லை.

"இல்லாத ஒரு ஆளுக்காகக் கையெழுத்து வைத்தேன்," என்றாள். "டொக்டர் கிமாரோ என்று ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை."

ஃப்ராவ் லூத்தி, அவள் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, பேனையை மூடி, ஒரு அடி முன்னால் வந்து, ஒற்றை விரலால் வேணுகாவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"டொக்டர் கிமாரோ கதவுக்கு வெளியேதான் நிற்கிறார், சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருக்கும் ஊழியர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆய்வு, முப்பத்தைந்து காலை உங்களுடைய அலுவலக நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்த்துவிட்டு வேணுகா என்று ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று எங்களுக்கு எழுதியவரும் அவர்தான்," என்றார் ஃப்ராவ் லூத்தி. "ஆகவே முதலில் சொல்லுங்கள், இல்லாத ஆட்களுக்காகக் கையெழுத்து வைக்கும் நீங்கள் யார்?"