இலை நீக்கப்பட்ட தாய்மாமனுக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மூத்த சகோதரர் திரு. காசிலிங்கம் அவர்களுக்கு, தங்கை சித்ரலேகா பணிவுடன் எழுதிக்கொள்வது. களக்காட்டில் தாங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணே, தாங்கள்னு எழுத வரலை. நீன்னே எழுதுதேன். என் போன், இவுக போன், எங்க அத்தை போன் எல்லாத்தையும் நீ தடுத்து வச்சுட்டதால இந்தக் காகிதத்தைக் காலையில களக்காடு பஸ் கண்டக்டர் அண்ணாச்சிகிட்ட கொடுத்து விடுதேன். கிழிச்சுப் போடுததுக்கு முன்னால ஒரு தடவை வாசிச்சிரு. வர்ற வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயில்ல தேன்மொழிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாம என் பிள்ளையை எங்கன உக்கார வைக்க?

உனக்கு வந்த அந்தச் செய்தியை நான் எழுதலை. அதாவது, எழுதினது நான்தான், ஆனா அனுப்பினது நான் இல்லை. விருந்துக்கு எத்தனை இலைன்னு சமையல் அண்ணாச்சி கேட்டாக. ஒரு நோட்டுல எழுதியிருக்கலாம்தான். ஆனா பிரசவத்துக்கு முன்னால சென்னையில ஆப் எழுதி நாலு பேரு மெச்சினவ, பிள்ளை பிறந்து ரெண்டு வருஷமா கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி எல்லாம் மறந்துட்டோமோன்னு ஒரு பயம். மறுபடி வேலைக்குப் போகணும்னா கை பழகணும்லா? அதனால விருந்தாளிப் பட்டியலை ஒரு ஆப்பாவே எழுதினேன். இப்ப வந்திருக்கிற முறை ரொம்ப சுகம் அண்ணே. முன்னால எல்லாம் திரையில ஒவ்வொரு வரியையும் எங்கன வைக்கணும், எப்ப அழிக்கணும்னு நாமளே படி படியாச் சொல்லணும். இப்ப என்ன வேணும்னு மட்டும் சொன்னாப் போதும். “இன்னாரு இன்னாரு வாறாங்க, ஆளுக்கு ஒரு வரி, வரியை அமுக்கிப் பிடிச்சா ஒரு மெனு, அதுல அழை, திருத்து, நீக்கு.” அவ்வளவுதான், மிச்சத்தைத் திரை தானாப் பாத்துக்கிடும். நம்ம அப்பா மாதிரின்னு வச்சுக்கோயேன். “மத்தியானம் நாலு பேரு சாப்பிட வாறாங்க”ன்னு சொல்லிட்டு அப்பா பேப்பர் படிக்கப் போயிருவாக. சோறு எப்படி வந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டிருக்காகளா? நான் இத்தனை வருஷம் அம்மா பக்கமே இருந்துட்டு, முதல் தடவையா அப்பா மாதிரி உக்காந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிட்டு.

அந்த முறையில ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வரிக்கும் வேற யாருக்கும் இல்லாத ஒரு அடையாளம் கொடுக்கணும். நான் பேரைக் கொடுத்தேன். நம்ம குடும்பத்துல போய்ப் பேரைக் கொடுத்தேன் அண்ணே! தாத்தா பேரைத் தலைச்சன் பேரனுக்கு வைக்கணும்னு மூணு மகன்மாரும் வச்சு, மூணு காசிலிங்கம். மாமனார் பேரைச் சொல்லக்கூடாதுன்னு மருமகள்கள் மூணு பேரும் வேற பேரு வச்சாக. நீ துரை; மத்த ரெண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு விக்கிரமசிங்கபுரத்துல மில்லு அண்ணன், டவுன்ல பேங்க் அண்ணன்னு ஆயிட்டாக. எப்பவுமே உங்க மூணு பேரையும் நான் அந்தப் பேருலயே நினைச்சதால, பத்திரிகையில அடிக்கிற முறையான பேரை ஆப்புல போடும்போது மூணும் ஒண்ணுன்னு எனக்கு உறைக்கவே இல்லை.

போன புதன்கிழமை மில்லு அண்ணன் கூப்பிட்டு, “ஏட்டி சித்ரா, லீவு தர மாட்டேங்கான், என்னை எதிர்பாக்காத”ன்னாக. சரின்னு அவுக வரியை அமுக்கிப் பிடிச்சு நீக்குன்னு கொடுத்தேன். மூணு காசிலிங்கமும் போயிட்டு. யாராவது வரலைன்னா மரியாதையா ஒரு வார்த்தை தானாப் போகட்டும்னு நான் முன்கூட்டியே எழுதி வச்சிருந்தது மூணு பேருக்கும் போயிட்டு: “தாங்கள் வர இயலாததற்கு வருந்துகிறோம். தங்கள் இலை நீக்கப்பட்டது.” தாய்மாமனுக்கு இலை நீக்கப்பட்டது! பதறிப்போய் மீட்டெடுன்னு கொடுத்தா மூணு வரி வந்துச்சு, மூணுலயும் மில்லு அண்ணன் போட்டோ, மூணுலயும் மில்லு அண்ணன் நம்பர். அவுகளுக்கு மூணு தடவை அழைப்பு. “வரலைன்னு சொன்னவனை எதுக்குட்டி இப்படி வருந்தி வருந்திக் கூப்பிடுத?”ன்னு அவுக சிரிக்காக. பேங்க் அண்ணன், “சவத்தை விடு, எங்க பேங்க்லயும் இப்படித்தான்”னுட்டாக. நீ மட்டும் எங்க போன் எல்லாத்தையும் தடுத்து வச்சுட்ட. மதினிதான் ஒரே ஒரு தடவை போனை எடுத்து, “இலை இல்லாத வீட்டுக்கு எதுக்கு வரணும்னு உங்க அண்ணன் கேக்காக”ன்னு சொல்லி வச்சுட்டாக.

இங்க எங்க அத்தை ஏசாத ஏச்சு இல்லை. “போன்ல இருந்து எடுத்தா ஆளே போயிருவானாட்டி? நாங்க என்ன, போனைத் தேய்ச்சுத் தேய்ச்சா விருந்தாளியை எண்ணினோம்?” இவுக அதுக்கு மேல. “முறைக்கு மத்த ரெண்டு காசிலிங்கமும் தாய்மாமன்தான, வாறவர் மடியில உக்கார வைப்போம்”ங்காக. முறை எனக்கும் தெரியும். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன்தான். ஆனா என் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன். பிள்ளை பிறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில, இவுக வந்து சேருத வரைக்கும் அவளைக் கையில வச்சுக்கிட்டு, உக்காந்தா முழிச்சிருவான்னு நின்னுக்கிட்டே இருந்தியே. அப்படி நின்னவன் மடிதான் எனக்கு வேணும். அந்தச் சனியன் பிடிச்ச ஆப்பை போன்ல இருந்து வழிச்சு எறிஞ்சுட்டேன். இனிமேப்பட்டு பேனாவும் காகிதமும்தான், சாஸ்தா மேல சத்தியம்.

மதினிக்கு என் நமஸ்காரம். உன் கோபம் நீங்கலாக உன்னைச் சேர்ந்த எல்லாவற்றையும் சாஸ்தா காப்பாற்றட்டும்.

இலையோடு காத்திருக்கும் தங்கை,
சித்ரலேகா

பி.கு. (திங்கட்கிழமை ராத்திரி, காலை பஸ்ஸை விட்டுட்டேன்): அண்ணே, மேலே எழுதினதை அப்படியே நம்பாதே. நேத்து உறையை ஒட்டப் போகும்போதுதான் தப்பு எங்கேன்னு பிடிபட்டது. கை சும்மா இருக்கலை, ஆப்பைத் திரும்ப ஏத்தி ஆளுக்கு ஒரு தனி எண் கொடுத்தேன். பட்டியல் லட்சணமா வந்துட்டு. மூணு காசிலிங்கம், மூணு முகம். சந்தோஷத்துல உன் வரியில தாய்மாமன்னு குறிச்சேன். அந்த இடத்துல மட்டும் ஆப் எண்ணைப் பாக்காம இன்னும் பேரைத்தான் பாக்குதுன்னு, மூணு பேருக்கும் “தாய்மாமனாக மடியில் அமர்த்திக்கொள்ள வருக” போன பிறகுதான் தெரிஞ்சுது. நீ பாத்திருக்க மாட்டே. மில்லு அண்ணன் மேனேஜர்கிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டாகளாம், அம்பாசமுத்திரத்துல கம்மலும் எடுத்தாச்சாம். பேங்க் அண்ணன் பட்டு வேட்டி தேய்க்கக் கொடுத்துட்டாக. ரெண்டு பேருகிட்டயும் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வியாழக்கிழமை சாயங்காலமே வந்துரு. விடிஞ்சதும் கோயில்ல முதல் ஆளாக் காது குத்துத பலகையில உக்காந்துரு. யாரு வந்து என்ன சொன்னாலும் எந்திரிக்காதே.