நாற்பத்திரண்டாவது கோடு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் இந்த உலகத்தில் நடந்த மூன்றாவது பெரிய காரியம், ஒரு தகர மூடித் தொழிற்சாலை தற்காலக் கலை மையமாக மாறியதுதான். மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த மையத்தின் வாசலில் உள்ள பித்தளைப் பலகையிலேயே ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருக்கிறது. படிப்பதுதான் கொஞ்சம் சிரமம். எழுத்தும் பலகையும் ஒரே நிறம். அதுவும் கலைதான்.

முப்பத்தொரு வருஷம் அங்கே மூடி அடித்தார்கள். பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா, பவுடர் டப்பா, எல்லாவற்றுக்கும் மூடி. டப்பா வேறெங்கோ செய்வார்கள், மூடி மட்டும் இங்கே. பிறகு உலகம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. மூடித் தொழிற்சாலையையே மூடினார்கள். பன்னிரண்டு வருஷம் புறாக்கள் நடத்தின. புறாக்களிடமிருந்து கலைஞர்கள் வாங்கிக்கொண்டார்கள். மையத்துக்கு 'மூடி' என்று பெயர் வைத்து, கீழே 'ஒரு திறந்த வெளி' என்று போட்டார்கள்.

மாற்றங்கள் அநேகம். முன்பு கூரை ஒழுகினால் மேஸ்திரி ஏறி அடைப்பார். இப்போது அது 'வானத்தோடு உரையாடல்', அடைக்கக் கூடாது. முன்பு துருவைச் சுரண்டுவார்கள். இப்போது துரு உதிர்ந்துவிடாதபடி வருஷத்துக்கு இரண்டு தரம் வார்னிஷ் அடிக்கிறார்கள். நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் இப்போது நாலு பேர் மூடியில்லாத தகர டப்பாவில் காப்பி குடிக்கிறார்கள். டப்பாவின் விளிம்பு உதட்டைக் கீறும். பரவாயில்லை, உழைப்பின் வலியைக் கொஞ்சமாவது உணர வேண்டாமா?

எல்லாம் மாறியும் மாறாத ஒரே ஆள் பிரஸ்காரர். பத்தொன்பது வருஷம் பிரஸ் பிரிவில் மூடி அடித்தவர். இப்போது அதே கட்டடத்தில் காவலாளி. அதே கேட், அதே எட்டு மணி. வித்தியாசம் என்னவென்றால், அப்போது கையைக் காலை ஆட்டாமல் நின்றால் திட்டுவார்கள், இப்போது ஆட்டினால் திட்டுவார்கள். மைய இயக்குநரை எல்லாரும் மேடம் என்பார்கள். அந்த மேடம் வெளிநாட்டு விருந்தாளிகளிடம் இவரைக் காட்டி, "இவர்தான் எங்களோட வாழும் நினைவு" என்பார். வாழும் நினைவுக்கு இரண்டு நிபந்தனைகள். கேட்டாலொழியப் பேசக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

கையுறைக்கு ஒரு துணைக் கதை உண்டு. பிரஸ்காரருக்கு எட்டு விரல்தான். இரண்டு காலி விரல் தொங்குவதைப் பார்த்து ஒரு பார்வையாளர் முகம் சுளித்தாராம். மேடம் உடனே அந்த இரண்டிலும் பஞ்சு அடைக்க உத்தரவிட்டார். பிரஸ்காரர் வீட்டம்மாள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"கைக்குப் பஞ்சு வச்சாச்சா? இருங்க, அடுத்தது வாய்க்கு வைப்பாங்க."

"வாய்க்கு எப்பவோ வச்சாச்சு. நீதான் பாக்கல."

மையத்தின் மிகப் பெரிய சொத்து முதல் கூடத்தின் மேற்குச் சுவர். அதில் வரிசையாக நாற்பத்தொரு சிவப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண். தலைப்பு: 'நாற்பத்தொரு மூச்சுகள்'. கலைஞர்: தெரியவில்லை. ஊடகம்: சுவரில் சிவப்பு. முன்னால் கயிறு கட்டி, அந்தச் சுவருக்கென்றே தனியாக ஏசி போட்டிருக்கிறார்கள். கலை விமர்சகர் ஒருவர் அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, "பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவுல ஒரு தயக்கம் தெரியுது" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

பதினேழு பிரஸ்காரருடையது. இருபத்தொன்பதும் அவருடையதுதான்.

விஷயம் இதுதான். பிரஸ்ஸில் தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிதியை அழுத்த வேண்டும். மூன்று வேலை. மணிக்கு எண்ணூறு மூடி அடிக்கச் சொன்னால் நடுவில் உள்ள வேலைதான் முதலில் மறக்கும். விரல் போகும். ஆபீசில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. அதில் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதுவார்கள். பாதுகாப்புக்காகத் தொழிற்சாலைக்குக் கேடயமெல்லாம் கிடைத்தது. அதனால் பிரஸ் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. யாருக்கு விரல் போனாலும், அதே ஷிப்டில் பக்கத்து மிஷினில் நின்றவர், துருவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட்டை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். போட்டவர் தேதி சொல்வார், எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். பிறகு மிஷின் ஓடும்.

இதைப் பிரஸ்காரர் காவல் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மேடத்திடம் சொல்லியும்விட்டார். மேடம் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்.

"அற்புதம். ஆனா பாருங்க, இப்படி ஒரே ஒரு அர்த்தத்தைக் குடுத்துட்டா சுவர் சுருங்கிடும். பாக்கறவங்க அவங்கவங்க அர்த்தத்தைக் கொண்டு வரணும் இல்லையா?"

"விரல் மேடம். விரலுக்கு வேற என்ன அர்த்தம் கொண்டு வருவாங்க?"

"அதைத்தான் சொல்றேன். நீங்க ரொம்பக் கிட்ட நின்னு பாக்கறீங்க."

பத்தாவது ஆண்டு விழா சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். விழாவுக்கென்று இரண்டாவது கூடத்தில் 'எடையின்மை' என்ற சிற்பம் வந்து இறங்கியது. தொள்ளாயிரம் கிலோ இரும்புத் தகடு. தரையிலிருந்து ஒரு கையளவு உயரத்தில், இரண்டு சங்கிலியில் தொங்கும். மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரெண்டு சங்கிலி இருந்தா எடை தெரியுதே என்று ஒன்றைக் கழற்றச் சொன்னார். மாட்ட வந்த ஆள், "ஒண்ணு தாங்காதும்மா" என்றான். அவனுக்குக் கலையில் பயிற்சி போதாது.

செவ்வாய்க்கிழமை காலை போட்டோ எடுக்க வந்தார்கள். தகட்டுக்குக் கீழே தூசி தெரிகிறது என்றார்கள். மேடம் துப்புரவு அம்மாளைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். அம்மாள் குனிந்து துணியை உள்ளே விட்டார். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் எடையை ஒத்துக்கொண்டது. இடது கை மோதிர விரல், இரண்டு கணு.

பிரஸ்காரர்தான் ஓடினார். ஒரு காலத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர், தடுமாறவில்லை. விரலைச் சுற்றி எடுத்துப் போக அந்த நேரத்தில் கையில் அகப்பட்டது ஆண்டு விழா அழைப்பிதழ். நல்ல கனமான காகிதம். ரத்தம் ஊறவே இல்லை. என்ன தரம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் விரலை ஒட்ட முடியவில்லை. அங்கேயே மேடத்தின் போன் வந்தது, ரொம்ப அன்பாக. செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வீட்டுக் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னால் போதும் என்று.

துப்புரவுக்கு ஆளனுப்பும் கம்பெனிக்காரன் அதைவிட அன்பு. வீட்டில் அடிபட்டதற்கு லீவு கிடையாது, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளை அனுப்புகிறோம் என்றுவிட்டான். துப்புரவு அம்மாள் கட்டோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர்தான்.

"வேலை செய்யற இடத்துல அடிபட்டா உங்கள நிறுத்தவே முடியாதும்மா. ஆனா அந்த இடத்துக்காரங்க கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு வேணும். விரல் இல்லைங்கறது எனக்கே தெரியுது. அது எங்க போச்சுன்னு தாள்தான் சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

வியாழக்கிழமை பிரஸ்காரர் மேடத்தின் அறைக்குப் போய் நின்றார். மையத்துக்கென்று புதிதாகச் செய்த விபத்துப் பதிவேடு அங்கேதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள். கையால் செய்த காகிதம், கைத்தறித் துணி அட்டை.

"ஒரு வரி எழுதினா போதும் மேடம்."

"அந்த நோட்டுக்கே ஒரு டிசைன் பரிசு கிடைச்சிருக்கு, தெரியுமா? பத்து வருஷமா வெறுமையா இருக்கு. அந்த வெறுமைதான் அதோட அழகு. எடுத்த எடுப்புல ரத்தம், விரல்னு எழுதினா எப்படி?"

"நடந்ததைத்தானே எழுதணும்?"

"'நடந்தது'ங்கறதே ரொம்ப முடிவான வார்த்தைங்க. எனக்கும் வருத்தம்தான். நேத்து என்னால சாப்பிடவே முடியல."

பிரஸ்காரர் வெளியே வந்தார். துப்புரவு அம்மாளுக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, எழுத மாட்டேங்கறாங்க."

"விடுங்கண்ணே. உங்க வேலையும் போயிடப் போவுது. நீங்க கேட்டதே போதும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அந்தக் குரல்தான் அவரைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கேட்டைத் திறந்தார். கேட்டுக்கு அடிக்க வைத்திருந்த ரெட் ஆக்சைடு டப்பாவை எடுத்தார். முதல் கூடத்தில் கயிற்றைத் தாண்டினார். அதே ஷிப்டில் பக்கத்தில் நின்றவர் அவர்தானே. நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளந்து கோடு போட்டார். "செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது" என்றார். கேட்டுக்கொள்ளப் புறாக்கூட இல்லை. பிறகு தன் இடத்தில் போய் நின்றார்.

ஒன்பது மணிக்கு மேடம் வந்து பார்த்து, சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டார். நாற்பதே நிமிஷத்தில் சுவர் டாக்டர் வந்து சேர்ந்தார். அழுக்கேறிய ஓவியம், விரிசல் விட்ட சுவர் இவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவர். பூதக்கண்ணாடி, மருந்துப் புட்டி, எல்லாம் உண்டு. துப்புரவு அம்மாளை ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்க்க மூன்று மணி நேரம் ஆனது. அங்கே கூட்டம் ஜாஸ்தி. சுவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

"யார் செஞ்சது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்."

மேடம் கத்தவில்லை. அவர் பண்பட்டவர். மேசையிலிருந்து 'கலைப்படைப்புச் சேத அறிக்கை' என்ற படிவத்தை எடுத்தார். பதினோரு கட்டங்கள், அவரே உருவாக்கியது. சேதம் நடந்த நாலு மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதில் ஒன்பதாவது கட்டம் அவருடைய பெருமை: 'செய்தவரின் நோக்கமும் காரணமும்'. செய்தவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் மாறாமல், இயக்குநரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நூறு வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள் அல்லவா?

"சொல்லுங்க" என்றார் மேடம், பேனாவைத் திறந்து.

பிரஸ்காரர் படிவத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ரெண்டாவது கூடத்துல..."

"கொஞ்சம் மெதுவா."

"...ரெண்டாவது கூடத்துல, எடையின்மைங்கற தகட்டுக்குக் கீழ துடைக்கச் சொன்னாங்க, துப்புரவு அம்மாவை."

"யாரு சொன்னாங்க?" என்று சுவர் டாக்டர் குறுக்கிட்டார். "பதவியோட வேணும். இது ஆவணம்."

"மேடம்தான்."

'மைய இயக்குநர்' என்று எழுதினார் மேடம், அழகான கையெழுத்தில்.

"தகட்டுக்கு ரெண்டு சங்கிலி இருந்துது. ஒண்ணைக் கழட்டிட்டாங்க."

"யாரு?"

"அதுவும் மேடம்தான்."

பேனா நின்றது. சுவர் டாக்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"நிறுத்தாதீங்க மேடம். உங்களையே படைப்புக்குள்ள இழுத்துட்டு வர்றாரு. நிறுவனத்தை விமர்சிக்கிற கலை. இதுக்கு வெளிநாட்டுல தனி மியூசியமே இருக்கு."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா மறுபடி ஓடியது. விரல் போனது, எந்தக் கை, எத்தனை கணு, எந்த ஆஸ்பத்திரி, பதிவேட்டில் எழுத மறுத்தது வரைக்கும். நடுவில் ஒரே ஒரு தரம், "'மறுத்தாங்க'வா, 'தயங்கினாங்க'வா?" என்று கேட்டார். ஒரு சொல் மாறக் கூடாது என்று சுவர் டாக்டர் நினைவூட்டினார். நாலு பக்கம் வந்தது. கையெழுத்து, தேதி, முத்திரை. விதிப்படி மூன்று பிரதி: ஒன்று இன்ஷூரன்ஸுக்கு, ஒன்று ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று செய்தவருக்கு.

பிறகு வாழும் நினைவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையுறையைத் திருப்பித் தரச் சொன்னார்கள். சுவர் டாக்டர் அதற்குள் மருந்து தொட்டுக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். பாதியில் பஞ்சு தீர்ந்துபோனது. மேடம் கையுறையின் இரண்டு விரலிலிருந்தும் உருவிக் கொடுத்தார். நல்ல பஞ்சு. ஒரு சுவடு மிச்சமில்லை. மறுநாள் விழாவில் நாற்பத்தொரு மூச்சுகளும் முன்போலவே மூச்சுவிட்டன என்று கேள்வி.

கலையைக் குறை சொல்லவே கூடாது. தொழிற்சாலை முப்பத்தொரு வருஷத்தில் நாற்பத்தொரு விரலுக்கு ஒரு வரி எழுதவில்லை. கலை மையம் ஒரே ஒரு கோட்டுக்கு நாலு பக்கம் எழுதியது.

அன்று மாலை அலுவலகம் பூட்டுவதற்குள் துப்புரவு அம்மாளும் பிரஸ்காரரும் குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். குமாஸ்தா முதல் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு, எல்லாம் சரிதாம்மா. ஆனா பாதிக்கப்பட்டதுங்கற இடத்துல 'சுவர்'னு போட்டிருக்கே."

"ஒன்பதாவது கட்டத்துக்கு வாங்க சார்" என்றார் துப்புரவு அம்மாள், கட்டுப் போட்ட கையால் இடத்தைக் காட்டி. "அந்தச் சுவருக்கு அடிபட்டதுக்குக் காரணம்னு எழுதியிருக்கு பாருங்க. அதுதான் நான்."