வெந்நீர் வாத்தியார்

வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. தான் குளிப்பதற்காகப் போகிறவர்கள் ஓர் இனம். அடுத்தவர் எப்படிக் குளிக்கிறார் என்று பார்ப்பதற்காகப் போகிறவர்கள் இன்னோர் இனம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த இரண்டாவது இனத்தார் மிகவும் ஒழுக்கமானவர்கள். துண்டைத் தொட்டியில் நனைத்துவிடுவீர்களோ என்பதைத் தவிர உங்களைப் பற்றி அவர்களுக்கு வேறு கவலை கிடையாது. நான் இவர்களை வெந்நீர் வாத்தியார்கள் என்பேன்.

நீங்கள் பாட்டுக்குச் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, வாரம் முழுக்க ஆபீஸில் வாங்கிய வசவையெல்லாம் தண்ணீரில் விட்டுவிட்டு வரலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவீர்கள். அங்கே மடித்த துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு நீரில் ஒருவர் முன்னமே உட்கார்ந்திருப்பார். நீங்கள் முக்காலியை இழுத்துப் போடுவதையும் சோப்பைத் தேடுவதையும் கண்ணெடுக்காமல் பார்ப்பார். வாளியைத் தலைக்கு மேல் தூக்கினால் 'ம்ஹும்' என்பார். பிறகு பாடம் தொடங்கும்.

"முதல்ல காலுக்கு ஊத்தணும். அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. தோளுக்குக் கடைசியிலதான். இல்லேன்னா நெஞ்சு பயந்துடும் பாருங்க."

உங்கள் நெஞ்சு அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீரில் என்னென்ன உப்புகள் கலந்திருக்கின்றன என்று விடுதிச் சுவரில் ஒரு பலகை தொங்குமே, அதை யார் படிக்கிறார்கள் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? இவர்கள்தான். படித்ததோடு விடுவார்களா? நூடுல்ஸ் கடை வரிசையில் நிற்கும்போது உங்களுக்கு அதை ஒப்பிப்பார்கள்.

என் அக்காவைக் கட்டிய தொமிநாகா அத்தான் இந்த இனத்தில் ஒரு மாணிக்கம். அவருக்கு ஒரே மகள், கோஹாரு. அவளுக்கு முன்பு வந்த ஒரு நல்ல சம்பந்தம், சோபா நூடுல்ஸை எந்தச் சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும் என்று அத்தான் பையனின் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த அன்றோடு நின்றுபோயிற்று. இந்த முறை அவளாகவே விரும்பிய பையன். இரு குடும்பமும் பழகிப் பார்க்கட்டும் என்று, இலை சிவக்கும் பருவத்தில், ஒரு சனிக்கிழமை ஹகோனே மலைக்குப் போய்வருவதாக ஏற்பாடு. பையனுக்கு அன்று வேலை. அவனைப் பெற்ற ஒகுதா தம்பதி வந்தார்கள். அவர்கள் இன்னும் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

ரயில் ஏறும்போது கோஹாரு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் அப்பா வாயைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. ஒகுதா சார் பேசவே மாட்டாராம். அவருக்குப் பிடிக்காமப் போச்சுன்னா, எனக்கு இதுக்கு மேல தாங்காது."

பெண்ணின் கண் கலங்கியிருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அணையில்லாத ஆற்றை நான் எங்கே பார்த்துக்கொள்வது?

ரயிலில் எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்பதில் ஆரம்பித்தார் அத்தான். கம்பிவட வண்டியில் தொங்கிக்கொண்டு போகும்போது ஃபுஜி மலையைக் காட்டினார். அன்று வானம் முழுக்க மேகம்.

"அந்த மேகத்துக்குப் பின்னால, கொஞ்சம் இடது பக்கம். தெரியுதா?"

"தெரியுது" என்றார் ஒகுதா. எவ்வளவு மரியாதையான மனிதர் பாருங்கள்.

மலையுச்சியில், கந்தகப் புகைக்கு நடுவே அவித்த கருப்பு முட்டை வாங்கினோம். ஒன்று தின்றால் ஆயுள் ஏழு வருடம் கூடும் என்று எல்லாருக்கும் தெரிந்ததையே அத்தான் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, ஓட்டை எந்த முனையில் தட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஒகுதா உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோஹாரு என்னை முறைத்தாள். நான் முட்டையைப் பார்த்தேன்.

பிற்பகல் சரிவிலிருந்த விடுதிக்கு வந்தோம். பெண்கள் அவர்கள் பக்கம் போனார்கள். நான் உடுப்பைக் களைந்தேன், கண்ணாடிக் கதவைத் திறந்தேன், திறந்தவெளித் தொட்டியில் இறங்கினேன். எதிரே மலை முழுக்கச் சிவப்பு இலை. கண்ணை மூடினேன்.

"இது அசல் கந்தகத் தண்ணி" என்று பக்கத்தில் குரல் கேட்டது. "தோலுக்கு நல்லது. மூட்டுக்கும் நல்லது. எத்தனை நேரம் உட்காரணும்னு ஒரு கணக்கு இருக்கு. சொல்றேன்."

அந்தக் கணக்குக்கு வருவதற்குள் அத்தான் ஜப்பானின் பாதி ஊற்றுகளைச் சுற்றி வந்துவிட்டார். நான் யாருக்கும் சம்பந்தி இல்லை என்பதால், சூடு தாங்காமல் எழுந்து பாறைமேல் உட்கார்ந்துகொண்டேன். தொட்டியிலிருந்த அத்தானுக்கும் ஒகுதாவுக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. பெண்ணைப் பெற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது பையனைப் பெற்றவர் எப்படி எழுந்து போவார்? விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது அழைத்து வந்தவர் எப்படி முதலில் கரையேறுவார்? எங்கள் ஜனங்களுக்கு வெந்நீரைவிட ஆபத்தானது மரியாதைதான்.

ஒகுதா ஒருமுறை பாதி எழுந்தார்.

"இனிமேதான் முக்கியமான விஷயம்" என்றார் அத்தான்.

ஒகுதா உட்கார்ந்துவிட்டார். இருவர் முகமும் வெந்து சிவந்த ஆக்டோபஸ் நிறத்துக்கு வந்திருந்தது.

"அத்தான், போதும், ஏறுங்க" என்றேன்.

"நீ சும்மா இருடா. அவரே சுகமா உட்கார்ந்திருக்காரு. இல்லீங்களா?"

"ரொம்ப சுகம்" என்றார் ஒகுதா, கண் சொருக.

"அதாவது, ரத்தம் என்ன பண்ணும்னா..."

அத்தான் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். அவர் சரிந்தார். பிடிக்கப்போன ஒகுதாவும் சரிந்தார். குளிக்க வந்திருந்த இரண்டு புண்ணியவான்களும் நானுமாக இருவரையும் இழுத்துப் போட்டு, துடைத்து, யுகாதா அங்கியைச் சுற்றி, ஓய்வறைப் பாயில் கிடத்தினோம்.

ஈரத் தலையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். கோஹாரு முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு ஒகுதாவைப் பார்த்தாள்.

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்க மாமா" என்றாள் என்னிடம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் ஒகுதாவின் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். குளிர்ந்த துண்டு ஒன்றை அவர் நெற்றியில் வைத்தாள். ஒகுதா கண்ணைத் திறந்தார்.

"நெத்தியில வைக்கக் கூடாதும்மா. கழுத்துல வைக்கணும்."

கோஹாரு துண்டைக் கழுத்துக்கு மாற்றினாள்.

"அப்புறம், இது கந்தகத் தண்ணியே இல்ல. உப்புத் தண்ணி. சுவத்துல பலகை தொங்குது, படிச்சேன். அப்பவே பிடிச்சு சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். முட்டையையும் அந்த முனையில தட்டக் கூடாது."

அவர் மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஒரே ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேனே."

அத்தான் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். "எந்தப் பலகை? வாசல்ல இருக்கிறதா, உள்ள இருக்கிறதா?"

"வாசல்ல இருக்கிறது பழசு."

"அதெப்படி?"

"அடுத்த மாசம் எங்க ஊர்ப் பக்கம் வாங்க சம்பந்தி. அசல் கந்தகத் தண்ணின்னா என்னன்னு காட்டறேன்."

சம்பந்தி என்றார். எல்லாருக்கும் கேட்டது. கோஹாரு அழுதுவிட்டாள், என் அக்காவும் அழுதாள். அக்கா அழுதது முழுக்க மகிழ்ச்சியில்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம், ஏனென்றால் அதற்குள் பாயில் கிடந்த இருவரும் மயக்கம் வந்தால் முதலில் எதைக் குடிக்க வேண்டும் என்று தர்க்கம் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

கோஹாரு நடைக்கு ஓடிப்போய்ப் பையனுக்குப் போன் செய்தாள். "உங்க அப்பா சரின்னுட்டாரு. ரெண்டு பேரும் மயங்கி விழுந்துட்டாங்க, ஆனா சரின்னுட்டாரு" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தப் பக்கத்திலிருந்து பையன் பேசினான். பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். அவள் போனைக் காதிலிருந்து மெல்ல எடுத்து என்னைப் பார்த்தாள்.

"காலை உயரமா வெச்சீங்களான்னு கேக்கறாரு, மாமா."

நல்ல குடும்பம். கல்யாணம் சிறப்பாக நடந்தது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இருக்கட்டும். நான் கதவைத் திறந்து தொட்டியில் இறங்கினேன் என்று எழுதினேன், நினைவிருக்கிறதா? காலுக்கு ஊற்றியதையும், முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஊற்றியதையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். அந்த இடத்தில், 'முதலில் காலுக்கு ஊற்றவில்லையே இந்த ஆள்' என்று உங்கள் நாக்கு ஒரு கணம் துறுதுறுத்ததா? அப்படியானால் அடுத்த முறை வெந்நீரில் இறங்கும்போது நேரத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்காரராக இருக்கக்கூடும்.