ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பரிசோதனை அட்டை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌகரியமாக இருப்பதாக நானாகவே முடிவு செய்துகொண்டேன். இங்கே என் பொறுப்பில் உள்ள பதினான்கு லிஃப்டும் நலம். வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பதினைந்து வயசுப் பெண் உடைந்துபோகக் கூடாதே என்று, அம்மா பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாதென்று சட்டம் போட்டேன். எனக்கு அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தொட்டி காலியாகிறது என்று மாடிவீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அதற்காகப் பெண்ணைக் கவனிக்காமல் விட முடியுமா? லிஃப்டுக்குள் தினம் கையெழுத்துப் போட ஒரு பரிசோதனை அட்டை மாட்டுவோமே, அதே மாதிரி கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், மாதத்துக்கு ஒன்று. தூக்கம், சாப்பாடு, மனசு என்று மூன்று கட்டம். தினம் காலையில் அவள் 'சரி' என்று எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போடுவேன். ஏழு மாதமும் சரி, சரி, சரிதான். என் லிஃப்டு ஒன்றுகூட இவ்வளவு நல்ல பேர் வாங்கியதில்லை.

இந்த மாசம் மூன்றாம் தேதி பார்க்கிறேன், பத்தாம் தேதி வரைக்கும் முன்கூட்டியே 'சரி' போட்டு வைத்திருக்கிறாள்! எங்கள் ஆட்கள் இந்தத் திருட்டுவேலை செய்தால் சும்மா விடுவேனா? பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "செய்யறதுதான் செய்யறே, மாசம் முழுக்கப் போட வேண்டியதுதானே? பத்துக்கு மேல என்ன, லீவா?" என்றேன். "அதுவரைக்கும் போதும்பா" என்றாள். சோம்பேறித்தனத்தைப் பார் அக்கா.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தொணதொணப்பு. இவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, வாய் மூடாததால் நான் வைத்த பட்டம். அன்று சாயங்காலம் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவள், அட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். கேட்காமல் கொள்ளாமல் அதை உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பெண்ணை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். "இங்கயே இருந்துக்கறேன் அங்கிள்" என்கிறாள். ஆறு நாளாக நகரவில்லை. அவள் அம்மா மாற்றுத்துணி வேறு கொடுத்தனுப்புகிறாள்! என் பெண் குளிக்கப் போனால் வாசலில் காவல். ரெண்டு பேரும் என் சட்டத்தைக் காற்றில் விட்டுவிட்டு, செத்தவளைப் பற்றியே பேசுகிறார்கள், அழுகிறார்கள், நடுவில் சிரிக்கவும் செய்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பெண்ணை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். இந்தச் சகவாசம் விட்டால்தான் உருப்படுவாள்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் மனத்திடத்தோடு இருங்கள், என்னைப் போல.

உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தொணதொணப்பு வந்து அட்டையை என் கையில் கொடுத்தாள். "அங்கிள், நாளைக்குத் தேதி பத்து. அதுக்கு மேல உயிரோட இருக்க வேண்டாம்னு நெனச்சிருக்கா. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னா. காலைல எங்கம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. நீங்களும் வாங்க" என்றாள்.

மூன்று தேதி நான் அதன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் அக்கா. பெண்ணின் எதிரிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. அவள் எங்கேயும் வரவில்லை, நீதான் உடனே இங்கே வர வேண்டும். வரும்போது அவள் அம்மா படம் ஒன்று கொண்டு வா. கேட்கிறாள். இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் நான்தான் தூக்கிப் போட்டேன்.