கயிற்றுக் கட்டிலில் ஒரு கொலு

எனக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் தெரியாது, சிலருக்கு விசில் அடிக்க வராது, அந்த மாதிரி ஒரு குறைபாடு. மத்தியானம் தலையணையில் தலை வைத்தால் போதும், ஊறப்போட்ட உளுந்து ஞாபகத்துக்கு வந்துவிடும். எழுந்து போய்ப் பார்த்தால் ஊறவே போட்டிருக்க மாட்டேன். (போடாத உளுந்துக்காகத் தூக்கம் கெட்டவள் ஸ்ரீரங்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புரட்டாசியில், வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது. அழிப்பானை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியில் சரிந்தேன். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்போதைக்கு மாத்திரை வேணாம்மா. ரெண்டு நாள் எங்கயாவது போயி நல்லா தூங்குங்க. திங்கக்கிழமை வந்து காட்டுங்க. அப்பவும் இறங்கலைன்னா மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நாளா?" என்று சிரித்தார்.

ஆரம்பித்தால் ஆயுசுக்கும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மாத்திரை டப்பா உண்டு, என் மாமியாருடையது. வேளை தவறாமல் அதைத் திறந்து கொடுப்பவள் நான். எனக்கும் ஒரு டப்பா வந்தால் அதையும் நானேதானே திறக்க வேண்டும்!

என் கணவர் கண்டோன்மென்ட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எந்தக் கோப்பையும் அவசரமாக நகர்த்தாத மனிதர், அன்றைக்குச் சாயங்காலமே மருங்காபுரிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை இரண்டு நாளைக்குப் பிடித்துவிட்டார். கடலைக் காடு, வேப்ப மரம், மர நிழலில் கயிற்றுக் கட்டில்கள் என்று போட்டோவெல்லாம் காட்டினார்.

"ரெண்டு நாள் நீ கரண்டியைத் தொடப்படாது. தொட்டா காரைத் திருப்பிடுவேன்."

கேட்கவே இனித்தது. ஒரே ஒரு சிக்கல். அவர் பிடித்திருந்த சனிக்கிழமை சரஸ்வதி பூஜை, ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. கூடத்தில் கொலு இருந்தது.

"அதனால என்ன? மேலாத்து மாமி வந்து விளக்கேத்திட்டுப் போறா" என்றார் மாமியார், செல்போன் விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். (மருமகள் ஆசாரம் பார்ப்பாள், மாமியார் செல்போன் பார்ப்பார். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ்.)

"நவராத்திரியும் அதுவுமா கொலுவைத் தனியா விட்டுட்டுப் போனா நன்னாவாம்மா இருக்கு?"

"பொம்மைக்கு எதுக்குடி துணை?"

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. எங்கள் ஊர் உற்சவர் நம்பெருமாளே வருஷத்தில் பாதி நாள் புறப்பாட்டில் இருக்கிறார். தோப்புக்குப் போகிறார், ஆற்றுக்குப் போகிறார், மண்டபத்தில் இறங்கி இளைப்பாறுகிறார். பெருமாள் போகலாம், பொம்மை போகக் கூடாதா? எல்லாப் படியும் வேண்டாம், தசாவதாரம் செட், மரப்பாச்சி ஜோடி, மளிகைக் கடை பரப்பிய செட்டியார் தம்பதி, அவ்வளவுதான். மற்றவர்களை ஒரு வேட்டியால் மூடிவிட்டேன். அந்த வார விடுமுறையில் முழுசாக ஓய்வெடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

"இந்தக் கார்ல அஞ்சு பேர்தான் உட்காரலாம். நீ தசாவதாரமே பத்து பேரைக் கூட்டிண்டு வரே" என்றார் கணவர். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, பல்லக்கு தூக்கறவாளுக்கு ஸ்ரீபாதந்தாங்கின்னு பேரு. இன்னிக்கு நான்தான்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பொம்மை மட்டுமா? பூண்டு, வெங்காயம் படாத சமையல் வேண்டும் என்று குக்கர், காபி பில்டர், பருப்பு, புளி எல்லாம் வந்தன. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டும் வந்தது. சரஸ்வதி பூஜையன்று அதைத் திருத்தக் கூடாது, அதனால் பூஜையில் வைப்பதற்காகவே எடுத்துப் போனேன். (ஆமாம், இப்போது எழுதும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.) மாமியார் மடியில் நரசிம்மர். எங்கள் பெண் கோதை ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், அவள் மடியில் மரப்பாச்சிகள். மதுரை ரோட்டில் சுங்கச்சாவடிக்காரர் எட்டிப் பார்த்து நரசிம்மரைக் கண்டதும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தோட்டத்து வீட்டை நடத்துபவர் பழனியம்மா. கடலை பறிப்புக் காலம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டிலிருந்து நேராக வந்து வரவேற்றார்.

"வாங்கக்கா, வாங்கம்மா. நீங்க முடியாம வந்திருக்கீங்கன்னு சார் போன்ல சொன்னாரு. கட்டில் போட்டு வச்சிருக்கேன். போயி படுங்க. சாப்பாடு நான் ஆக்கிடுவேன், பூண்டு கீண்டு போடாமத்தான்."

வேப்ப மரத்தடியில் இரண்டு கட்டில்கள். முதல் நாள் பெய்த மழையில் மண் குளிர்ந்திருந்தது. காற்றடித்தால் பழுத்த இலை ஒன்றிரண்டு கட்டில் மேல் விழுந்தது. பார்த்த மாத்திரத்தில் கண் சொக்கியது. போய்ப் படுத்திருக்கலாம். படுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கொலு வைக்கப் படி வேண்டாமா? அந்த வீட்டில் மேஜை இல்லை, பெஞ்சு இல்லை. இருந்தவை இரண்டு கட்டில்கள்தான். ஒன்றைத் தாழ்வாரத்தில் தரையோடு போட்டேன். இன்னொன்றைச் செங்கல் வைத்து உயர்த்தி அதன் பின்னால் போட்டேன். ஜமக்காளத்தை மடித்து விரித்து, மேலே வெள்ளை வேட்டி. ஆக, நான் படுக்க வந்த கட்டில்களில் மகாவிஷ்ணு பத்து உருவத்தில் ஏறிக்கொண்டார். என் கணவர் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, "அவருக்குப் பாம்பே இருக்கு, கட்டில் எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கொலு வைத்தால் நாலு பேரை அழைக்க வேண்டும். அதுதான் முறை. "சாயங்காலம் வெத்திலை பாக்கு வாங்கிக்க வாங்கோ. தெரிஞ்சவா யாராவது இருந்தா அழைச்சிண்டு வாங்கோ" என்று பழனியம்மாவிடம் சொன்னேன். எங்கள் தெருவில் இப்படி அழைத்தால் மாமிகள் ஐந்தாறு பேர் வருவார்கள். ஒருத்தி பாதிப் பாட்டு பாடிவிட்டு, தொண்டை சரியில்லை என்பாள். அந்தக் கணக்கில்தான் கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

பழனியம்மாவுக்குத் தெரிந்தவர்கள் என்றால் அந்த ஊரே என்று எனக்கு யார் சொன்னார்கள்?

விளக்கேற்றி, சுண்டலைப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு நிமிர்ந்தேன். டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் டிரெய்லர். டிரெய்லர் நிறையப் பெண்கள். கடலை பறித்த கையைக் கழுவி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இறங்கி முடியவே இல்லை.

"திருச்சியிலேர்ந்து சாமி கெளம்பி நம்ம ஊருக்கு வந்திருக்குன்னு சொன்னேங்க்கா, எல்லாரும் வந்துட்டாங்க" என்றார் பழனியம்மா, முகமெல்லாம் பூரிப்பாக.

கொலுவுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சுண்டலைக் கரண்டியால் கொடுக்க ஆரம்பித்து, பிறகு ஸ்பூனுக்கு இறங்கி, கடைசியில் விரலால் எடுத்து வைத்தேன். தாம்பூலத்தோடு வைக்க எடுத்துப் போன ரவிக்கைத் துணிகள் முதல் வரிசையிலேயே தீர்ந்தன. அடுத்த வரிசைக்கு நாங்கள் குளிக்க எடுத்துப் போன சோப்பைக் கொடுத்தேன். அதற்கடுத்து மாமியாரின் சீப்பு, கோதையின் ஹேர்பேண்ட். வாங்கியவர்கள் அத்தனையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாமல் என் கணவர் பையில் பதுக்கி வைத்திருந்த மணப்பாறை முறுக்கையும் கோதை கண்டுபிடித்து எடுத்து வந்தாள். அவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

கூட்டம் இன்னும் இருந்தது. ஓடுவேன், குக்கரைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், "உட்காருங்கோ, உட்காருங்கோ" என்பேன். காதுக்குள் ரயில் ஓடுவது மாதிரி ஒரு இரைச்சல்.

"வசு, நீ கொஞ்சம் உட்காரேன்" என்றார் மாமியார்.

"எனக்கென்ன, நான் நன்னாத்தான் இருக்கேன்!" என்று கத்தினேன். நன்றாக இருப்பவர்கள் இந்த வாக்கியத்தைக் கத்திச் சொல்ல மாட்டார்கள்.

வழக்கம் விடாமல், "யாராவது ஒரு பாட்டு பாடுங்கோ" என்று வேறு கேட்டு வைத்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாருக்கும் தொண்டை பிரச்சினை இல்லை. ஒரு பெண் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாசலில் வட்டம் கட்டிக் கும்மியடிக்க ஆரம்பித்தார்கள். கோதை செருப்பை உதறிவிட்டு வட்டத்துக்குள் புகுந்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். வந்து இறங்கியதிலிருந்து முதல் தடவையாக, எதிலோ உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது கட்டிலின் ஓரம். கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பதெல்லாம் அந்தப் பக்கம்தான் உருளும். முதலில் மச்சம் வந்து இடித்தது. திரும்புவதற்குள் கூர்மம், வராகம், நரசிம்மர், வாமனர், கோடரியோடு பரசுராமர் என்று வரிசை மாறாமல் என் மடிக்கு வந்தார்கள். கலப்பையோடு பலராமர் முந்தானையில் சிக்கினார். பத்தாவதாக வந்த கல்கிக்கு மட்டும் மடியில் இடமில்லை. குதிரையோடு சிமெண்ட் தரையில் விழுந்து, தலை தனியாக உருண்டு, என் கணவரின் துண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கும்மி நின்றுவிட்டது. அத்தனை பேர் பார்க்க, ஒன்பது அவதாரங்களை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேலான பள்ளிக்கூட டீச்சரான நான் ஓவென்று அழுதேன். மூக்கு ஒழுக, விக்கி விக்கி, எல்.கே.ஜி. குழந்தை முதல் நாள் அழுகிற அழுகை. அது கல்கிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டிருந்தால், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

கும்மிக்கு எடுத்துக் கொடுத்த பெண் பயந்துபோய், "சாமி குத்தம் ஆயிருச்சாங்கம்மா?" என்று மாமியாரைக் கேட்டாள்.

"குத்தமெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார் மாமியார், கல்கியின் தலையை எடுத்துத் தூசி தட்டியபடி. "ஒன்பது அவதாரம் ஆயாச்சு. இவர் இனிமேதான் வரணும். வரச்சே தலையோட வருவார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அழுகை நிற்காமலே எனக்கும் சிரிப்பு வந்தது, அது பார்க்க இன்னும் கண்றாவியாக இருந்திருக்கும்.

பழனியம்மா வந்து என் கையைப் பிரித்தார். அதில் சுண்டல் கரண்டி இருந்தது. அழும்போதும் நான் அதை விடவில்லை.

"குடுங்கக்கா. உங்களைப் படுக்கச் சொன்னேன், சாமியைப் படுக்க வச்சிட்டீங்க. இனி இந்த விளக்கு, சுண்டல் எல்லாம் எங்க பொறுப்பு. எந்திரிச்சீங்கன்னா உங்ககூட நான் பேச மாட்டேன்."

இரண்டு பெண்கள் பொம்மைகளைத் தரையில் இறக்கினார்கள். இன்னொருத்தி கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டாள். யாரோ ஒரு கை என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது. பச்சைக் கடலை வேகும் வாசனை வந்தது. உளுந்து ஞாபகம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அடுத்து நான் கண் விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியிருந்தது. காபி கொடுத்தார்கள், குடித்தேன். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். மறுபடி தூங்கிவிட்டேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

விஜயதசமியன்று கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நேரம் ஆகியும் நான் எழுந்திருக்கவில்லை. கோதை மரப்பாச்சியை எடுத்து வந்து, இடம் தேடிப் பார்த்துவிட்டு, கட்டிலில் என் பக்கத்திலேயே சாய்த்து, என் புடவைத் தலைப்பால் போர்த்திவிட்டாள். மாமியார் அதை போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். வாயைத் திறந்துகொண்டு நானும், வாயை மூடிக்கொண்டு மரப்பாச்சியும். கீழே அவர் எழுதியது: "ரெண்டு பேரையும் சாய்ச்சாச்சு."

திங்கட்கிழமை டாக்டர் பிரஷர் பார்த்தார். சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கே! என்னம்மா பண்ணீங்க?" என்றார். "கொலு வச்சோம் டாக்டர்" என்றேன். அவர் அதைச் சீட்டில் எழுதவில்லை.

இப்போதும் நான் வீட்டில் தாம்தூம் என்று குதித்தால், கோதை பரணிலிருந்து மரப்பாச்சியை எடுத்து வந்து என் தலையணைப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போவாள். கல்கிக்குத் தலை ஒட்டவைத்தாயிற்று, கொஞ்சம் திரும்பிவிட்டது. குதிரை ஒரு பக்கம் போக, அவர் செட்டியார் கடைப் பக்கம் பார்க்கிறார். விஜயதசமி மத்தியானம் எங்கள் வீட்டில் என்னை யாரும் எதற்கும் எழுப்பக் கூடாது. எழுப்புவது ஒரே ஒருத்தர்தான். வருஷம் தவறாமல் மருங்காபுரியிலிருந்து போன் வரும். அடித்துப் பிடித்து எழுந்து ஓடி எடுப்பேன்.

"அக்கா, நான் பழனியம்மா. படுத்துட்டீங்களா?"