மாப்பிள்ளை நுழைய வழியில்லாத மண்டபம்

கட்டட மாடல் வரையும் மென்பொருளுக்கு வருஷா வருஷம் புது வெர்ஷன் விடுகிறவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. பழைய வெர்ஷனில் வரைந்ததைப் புதியதில் திறக்கலாம். ஆனால் புதியதில் ஒருமுறை திறந்து சேமித்துவிட்டால், அந்த ஃபைல் பழையதற்குத் திரும்பவே திரும்பாது. (பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்ததும் சொந்தபந்தத்தை மறந்துவிடுகிற குடும்பம் மாதிரி.)

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருந்தேன். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை வந்தது. கமிட்டித் தலைவர் சுப்பையா அங்கிள், லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் கவிதாவைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்குச் சம்மதம். அங்கிளுக்குத்தான், கம்ப்யூட்டரில் படம் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்ற சந்தேகம். மண்டபத்தை நல்லபடியாகக் காட்டினால் அப்பாவை மடக்கிவிடலாம் என்றாள் கவிதா. ஆக, சனிக்கிழமை கமிட்டி முன்னால் நான் காட்டப்போவது மண்டபத்தை அல்ல, என்னை.

தூண், பீம் எல்லாம் கிள்ளானில் வேறோர் அலுவலகத்தில் இருந்த என் நண்பன் சசியின் பொறுப்பு. ஒரே மாடலை சர்வரில் வைத்து இருவரும் வேலை செய்தோம். வேலை முடியும்வரை யாரும் வெர்ஷனை மாற்றக்கூடாது என்பது முதல் நாளே பேசிவைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் மாடலைத் திறந்தால், இது புதிய வெர்ஷனில் சேமிக்கப்பட்டது, என்னால் முடியாது என்று கைவிரித்தது என் கணினி.

சசிக்குப் போன் போட்டேன்.

"டேய், மாடல என்னடா செஞ்ச?"

"ஆபீஸ்ல புது லேப்டாப் குடுத்தாங்க மச்சான். அதுல புது வெர்ஷன்தான் இருக்கு. மாத்தவான்னு கேட்டுச்சு, ஓகே அமுக்கிட்டேன் லா."

எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் வாலாக ஒட்டிக்கொள்கிற அந்த 'லா'தான் என்னைக் கொளுத்தியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சசி நடுவில் ஏதோ சொல்ல வந்தான். விடவில்லை. எல்லா மென்பொருளும் படிக்கிற பொது வடிவத்துக்கு மாற்றி அனுப்பித் தொலை என்று போனை வைத்தேன். அனுப்பினான். கூடவே வாட்ஸ்அப்பில் செய்தி மேல் செய்தி. மன்னிப்புக் கேட்கிறான், கேட்கட்டும் என்று அவனை மியூட் செய்தேன். (அப்படி ஒரு ரோஷம்.) வந்த மாடலில் கூரை அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜவுளிக்கடை மாடியில் கமிட்டி கூடியது. சசியும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வாங்க, உள்ள போவோம்" என்று திரையில் மண்டபத்தின் முகப்பை நோக்கி நடத்திப் போனேன். சுவரில் முட்டியது. வலப்பக்கம் திருப்பினேன். சுவர். மண்டபத்தை முழுசாகச் சுற்றி வந்துவிட்டேன். மாற்றியதில் ஒரு கதவுகூட மிஞ்சவில்லை. கதவு இருந்த இடத்தையெல்லாம் சுவர் மூடியிருந்தது. போர்ட் கிள்ளானில் மீன் வைக்கிற குளிர்கிடங்கு மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

சுப்பையா அங்கிள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, மாப்பிள்ளை எந்தப் பக்கமா உள்ள வருவாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கமிட்டி என்றும் பார்க்காமல் சசியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பொறுப்பில்லாதவன், ஓகே அமுக்கவே பிறந்தவன், இன்னும் என்னென்னவோ. அவன் நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தான்.

"மாத்துனா கதவு போயிடும், என் லேப்டாப்லயே காட்டிடலாம்னு சொல்ல வந்தேன். நீ போன வச்சிட்ட. மெசேஜும் போட்டேன்" என்று தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். அதில் அத்தனை கதவுகளோடும் மண்டபம் ஜம்மென்று நின்றது.

அங்கிள் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மண்டபத்தைக் கதவோட கட்டி முடிங்க. பொண்ணப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அதோடு விடவில்லை. கம்ப்யூட்டரை நம்ப முடியாது என்று இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனக் கூடுதல் கதவு கேட்டுக்கொண்டே போனார். மறுக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? இன்றும் அந்த மண்டபத்தின் ஏர்கோன் குளிரில் பாதி ரோட்டுக்குத்தான் போகிறது.

எங்கள் கல்யாணமும் அங்கேதான். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு முன்வாசலில் நிற்க, மாப்பிள்ளைத் தோழன் சசி காரைப் பக்கவாட்டில் நிறுத்த, நான் எதிரில் தெரிந்த கதவில் நுழைந்து நேராக மணவறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். (என் கையால் வரைந்த மண்டபம்!) மாமனார் வந்து காதருகே குனிந்தார்.

"எந்திரிங்க தம்பி. கம்ப்யூட்டர்லதான் பின்னால போக முடியாது. இங்க போகலாம். வெளிய போய் ஒழுங்கா வாங்க."

இப்போதும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அதையேதான் சொல்கிறார். கவிதா கதவைத் திறந்துவிடுகிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே போய்விட்டு வருகிறேன்.